அஞ்சறைப் பெட்டி கற்பிக்கும் பாடம்

சென்ற மழைக்காலத்தில் ஒரு மாலை. நாம் பணியாற்றும் கடலோர ஊரில், நமக்கு நன்கு அறிமுகமான ஓர் இல்லத்தில் நோயுற்றிருந்த மூதாட்டியைக் காணச் சென்றிருந்தோம். வழக்கமாக வாசலிலேயே நம்மை வரவேற்கும் அவ்வீட்டுத் தாயாரை அன்று காணவில்லை. உள்ளே கூடத்தில் எல்லாரும் தரையில் குனிந்து எதையோ தேடிக்கொண்டிருந்தனர். ஒருவர் பாயை உதறினார். ஒருவர் கட்டிலுக்கு அடியில் துடைப்பத்தை நுழைத்துத் துழாவினார். நடுவே ஒரு பழைய பிஸ்கட் டப்பா கவிழ்ந்து கிடந்தது. அதிலிருந்து கொட்டிய வண்ண வண்ணப் பொருள்கள், சிந்திய தானியம் போல் எங்கும் பரவிக் கிடந்தன.

“சாமி, அஞ்சு இருந்துச்சு. இப்ப நாலுதான் இருக்கு. புள்ள பக்கத்துலதான் உக்காந்திருந்தா” என்றார் தாயார். அவர் குரல் நடுங்கியது.

காணாமற்போனது ஒரு பொத்தான் மின்கலம். கடைகளில் ‘பட்டன் பேட்டரி’ என்று கேட்டு வாங்குகிறோமே, அதுதான். அவ்வீட்டு மகன் பாலிடெக்னிக்கில் மின்னணுவியல் பயில்பவன். சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவுக்குச் செல்லும்போதெல்லாம் கைச்செலவுக் காசில் ஏதேனும் சில உறுப்புகள் வாங்கி வருவான். அவற்றை எல்லாம் அந்த ஒரே டப்பாவில் போட்டு வைப்பான். பக்கத்தில் அமர்ந்திருந்தது, விடுமுறைக்கு வந்திருந்த அவன் அக்காளின் ஒன்றரை வயதுக் குழந்தை. அது ஒருமுறை இருமியது. அவ்வளவுதான், வீடே கதிகலங்கிவிட்டது.

தேடுவதை விடுத்துக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு விரைந்தோம். ஊடுகதிர்ப் படம் எடுக்கப்பட்டது. தொண்டையிலும் இல்லை, வயிற்றிலும் இல்லை என்று மருத்துவர் உறுதி கூறியபோது இரவு ஒன்பதைக் கடந்திருந்தது. வீடு திரும்பினோம். கடைசிப் பேருந்தில் வெளியூரிலிருந்து வந்திறங்கிய குடும்பத் தலைவர், நடந்ததைக் கேட்டதும் மகன்மீது சீறி விழுந்தார். “இந்தக் குப்பையை எல்லாம் நாளைக்கே கடல்ல கொட்டிடு” என்றார். சற்றுக் கழித்து, “அப்படி என்னதான் காணாமப் போச்சு?” என்று வினவினார். மகன் எஞ்சிய நான்கில் ஒன்றை எடுத்துக் காட்டினான். அவர் அதைக் கையில் வாங்கிப் பார்த்தார். நெடுநேரம் பேசவில்லை. பின்னர் தாழ்ந்த குரலில், “இதுவா? நம்ம ஜெராக்ஸ் கடைக் கம்ப்யூட்டர்ல தேதி தப்புத் தப்பாக் காட்டுச்சு. அதுக்குப் போட நான்தான் முந்தாநாள் ஒண்ணு எடுத்துக்கிட்டுப் போனேன்” என்றார்.

அன்பார்ந்த வாசகர்களே, அன்று அவ்வீட்டில் காணாமற்போனது மின்கலம் அன்று, கணக்கே காணாமற்போயிருந்தது. எது எங்கே உள்ளது, எத்தனை உள்ளது, எடுத்தவர் யார் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. அதனால் ஓர் இல்லம் மூன்று மணி நேரம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தது. அந்த இரவின் நினைவே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

தடையும் வேண்டா, கவனமின்மையும் வேண்டா

இன்று பற்பல இல்லங்களில் இத்தகைய டப்பா ஒன்று இருக்கிறது. பள்ளி மாணவர் அறிவியல் கண்காட்சிக்காக வாங்கியவை, கல்லூரி மாணவர் செய்முறைப் பயிற்சிக்காகச் சேர்த்தவை, பழுதான வானொலியிலிருந்து தந்தையார் கழற்றி வைத்தவை என யாவும் ஒன்றாய்க் கிடக்கும். இவற்றைக் கண்டு எரிச்சலுறும் பெற்றோர் பலர். ‘குப்பை’ என்று ஒதுக்குகின்றனர்; சிலர் பிள்ளை வீட்டில் இல்லாத வேளையில் தூக்கியும் எறிந்துவிடுகின்றனர். இது முறையன்று என்பது நம் துணிபு. கையால் செய்து கற்பது உயர்ந்த கல்வி. ஒரு சிறு விளக்கைத் தானே எரியச் செய்த பிள்ளையின் முகத்தில் தோன்றும் ஒளியை வேறு எந்தப் பரிசும் தருவதில்லை.

ஆயினும், ‘பையன் ஏதோ செய்கிறான்’ என்று கண்டும் காணாமல் இருப்பதும் தவறே. அந்த டப்பாவில் உள்ளவற்றுள் பெரும்பாலானவை தீங்கற்றவை. சில, உயிருக்கே உலை வைப்பவை. இரண்டும் ஒன்றாய்க் கலந்து கிடப்பதுதான் ஆபத்து.

இதற்கு வழிகாட்டி நம் அடுக்களையிலேயே இருக்கிறது. அஞ்சறைப் பெட்டியை நோக்குங்கள். கடுகு, சீரகம், மிளகு, வெந்தயம், மஞ்சள் என ஒவ்வொன்றுக்கும் ஓர் அறை உண்டு. மின்சாரம் நின்று இருள் சூழ்ந்தாலும் நம் அன்னையரின் கை தவறாமல் கடுகுக்கே செல்கிறது. தீரப்போவதும் அவர்களுக்கு முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. பல தலைமுறைப் பெண்கள் பேணிவந்த இந்த ஒழுங்கைத்தான் மின்னணு உறுப்புகளுக்கும் நாம் கைக்கொள்ள வேண்டும்.

ஓர் எச்சரிக்கை. அடுக்களையிலிருந்து நாம் பெற வேண்டியது முறையை மட்டுமே, பாத்திரத்தை அன்று. பிஸ்கட் டப்பா, மிட்டாய்ப் புட்டி, மாத்திரைச் சிமிழ் ஆகியவற்றில் இவ்வுறுப்புகளை ஒருபோதும் வைக்கலாகாது. பிஸ்கட் டப்பாவைக் கண்ட குழந்தை அதில் தின்பண்டம் இருக்கும் என்றுதான் நம்பும், குற்றம் குழந்தையுடையதன்று. கண் மங்கிய முதியவர் மாத்திரைச் சிமிழில் உள்ளதை மாத்திரை என்றே எண்ணுவார்.

முதலில் பூட்ட வேண்டியவை

பிரித்து அடுக்கும் வேலைக்கு முன்பாக, ஐந்து வகைப் பொருள்களைப் பொறுக்கி எடுத்துத் தனியே வைக்க வேண்டும்.

முதலாவது, பொத்தான் மின்கலம். பரவலாகப் புழங்கும் ‘சி.ஆர். 2032’ வகை 20 மில்லிமீட்டர் குறுக்களவும் 3.2 மில்லிமீட்டர் தடிமனும் உடையது. 3 வோல்ட் அழுத்தம் தருவது. இந்த அளவுதான் சிறு குழந்தையின் உணவுக்குழலில் சிக்கிக்கொள்ள ஏதுவாகிறது. உள்ளிருக்கும் வேதிப்பொருள் கசிந்தால்தான் கேடு என்று பலர் எண்ணுகின்றனர். உண்மை அதுவன்று. ஈரமான தசையில் பட்டவுடன் மின்கலத்தின் இருமுனைகளுக்கிடையே மின்னோட்டம் பாய்கிறது; எதிர்முனையருகே கடுங்காரம் உண்டாகித் தசையை அரிக்கிறது. இரண்டு மணி நேரத்திற்குள்ளேயே கடும் புண் ஏற்படலாம். கருவியை இயக்க இயலாது என்று நாம் கழித்துப் போட்ட மின்கலத்திலும் இத்தீங்கு செய்யப் போதிய ஆற்றல் எஞ்சியிருக்கும்.

அமெரிக்காவில் 2020 டிசம்பரில், இரண்டு வயது நிரம்பாத ரீஸ் என்னும் குழந்தை ரிமோட்டிலிருந்து விழுந்த பொத்தான் மின்கலத்தை விழுங்கியதால் உயிரிழந்தது. அக்குழந்தையின் பெயராலேயே 2022 ஆகஸ்டில் அந்நாட்டில் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. மின்கல அறையைக் குழந்தைகள் எளிதில் திறக்க முடியாதவாறு அமைக்க வேண்டும் என்பது அதன் சாரம். ஆஸ்திரேலியாவில் இத்தகைய கட்டாய விதிகள் 2022 ஜூன் 22 முதல் நடைமுறைக்கு வந்தன. நாடுகள் சட்டம் இயற்றும் அளவுக்கு இச்சிறு வில்லை கொடியது என்பதைப் பெற்றோர் உணர வேண்டும்.

குழந்தை விழுங்கிவிட்டது என்ற ஐயம் எழுந்தாலே, அறிகுறிக்காகக் காத்திராமல் ஊடுகதிர்ப் பட வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே செல்ல வேண்டும். 108 ஊர்தியை அழைக்கலாம். வாந்தி எடுக்கச் செய்யலாகாது. உணவோ நீரோ தரலாகாது. ஒரு வயதைக் கடந்த குழந்தை 12 மணி நேரத்திற்குள் விழுங்கியிருந்து, அதனால் விழுங்கவும் முடிகிறதென்றால், செல்லும் வழியில் 10 நிமிடத்திற்கு ஒருமுறை 2 தேக்கரண்டித் தேன் தரலாம் என்பது நச்சுமுறிவு மருத்துவ வல்லுநர்களின் அறிவுரை. ஆறு தடவைக்கு மேல் வேண்டா. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் தரவே கூடாது. தேன் புண்ணின் வேகத்தைச் சற்றுக் குறைக்குமேயன்றி, மின்கலத்தை அகற்றாது. எனவே தேனைத் தேடிக்கொண்டு வீட்டில் காலம் கடத்துவது பெருந்தவறு. மூக்கிலோ காதிலோ நுழைத்துக்கொண்டாலும் இதே விரைவு தேவை.

இரண்டாவது, நியோடிமியம் எனப்படும் சிறு வெண்காந்தங்கள். ஒன்றுக்கு மேற்பட்டவற்றை விழுங்கினால், குடலின் வெவ்வேறு மடிப்புகளிலிருந்து அவை ஒன்றையொன்று இழுத்து, இடையே அகப்பட்ட குடற்சுவரை நசுக்கித் துளைத்துவிடும். உடனே வலி தோன்றாது என்பதால் இது மேலும் கொடிது.

மூன்றாவது, மறுமுறை மின்னேற்றக்கூடிய லித்தியம் மின்கலங்கள். 18 மில்லிமீட்டர் குறுக்களவும் 65 மில்லிமீட்டர் நீளமும் உடைய உருளைகள் ‘18650’ என்றே அழைக்கப்படுகின்றன. இவை சாவி, நாணயம், கம்பித்துண்டு ஆகியவற்றோடு ஒன்றாய்க் கிடந்தால் முனைகள் இணைந்து சூடேறித் தீப்பற்றக்கூடும். ஒவ்வொன்றையும் தனித்தனிப் பிளாஸ்டிக் உறையில் இட வேண்டும். நெடுநாள் வைப்பதாயின் பாதியளவு மின்னேற்றத்தில், வெயில் படாத குளிர்ந்த இடத்தில் வைப்பது நன்று. கைப்பேசியிலிருந்து எடுத்த தட்டையான மின்கலம் உப்பியிருந்தால் அதைக் குத்தவோ அழுத்தவோ மின்னேற்றவோ கூடாது. சேர்த்து வைக்கவும் கூடாது.

நான்காவது, பெரிய மின்தேக்கிகள். பழைய மெக்கானிக்குகள் ‘கண்டென்சர்’ என்பார்கள். 230 வோல்ட் வீட்டு மின்சாரத்தை நேராக்கும் சுற்றில் உள்ள மின்தேக்கியில் ஏறத்தாழ 325 வோல்ட் நிற்கும். மின்செருகியைப் பிடுங்கிய பின்னரும் அது தேங்கியிருக்கலாம். ஒருமுறை வெறுமையாக்கிய பெரிய மின்தேக்கியில் சிறிது நேரத்தில் தானாகவே ஓரளவு அழுத்தம் மீண்டும் தோன்றுவதும் உண்டு. ஆதலின், பழைய கருவிகளைத் திறந்து இவற்றைக் கழற்றும் வேலையை அறிந்தவரே செய்ய வேண்டும். எடுத்து வைக்கும்போது இரு கால்களையும் ஒரு கம்பியால் இணைத்து வைப்பது தொழில் தெரிந்தோரின் வழக்கம்.

ஐந்தாவது, பற்றாசு. கடையில் ‘சால்டரிங் ஈயம்’ என்று கேட்டால் தரும் 60/40 வகைக் கம்பியில் 60 விழுக்காடு வெள்ளீயமும் 40 விழுக்காடு காரீயமும் உள்ளன. காரீயத்தில் ‘இவ்வளவு வரை தீங்கில்லை’ என்று கொள்ளத்தக்க அளவே அறியப்படவில்லை என்று உலக நல்வாழ்வு நிறுவனம் கூறுகிறது. குழந்தைகளின் மூளை வளர்ச்சியை அது தாக்கும். இக்கம்பியை மூடிய உறையில் வைக்க வேண்டும். சிந்திய துளிகளை ஈரத் துணியால் துடைத்தெடுக்க வேண்டும். கைகளைச் சோப்பிட்டுக் கழுவிய பின்னரே உணவைத் தொட வேண்டும். உணவு உண்ணும் மேசை இவ்வேலைக்கு உரியதன்று.

இவ்வைந்துக்கும் உரிய இடம், குழந்தையின் கைக்கு எட்டாத உயரத்தில் உள்ள, பூட்டக்கூடிய அலமாரித் தட்டு. ‘உயரத்தில் இருக்கிறதே, பூட்டு எதற்கு’ என்று கேட்கலாகாது. நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறக் கற்கும் நாளைக் குழந்தை நமக்கு முன்னறிவிப்பதில்லை.

பிரித்து வைக்கும் எளிய முறை

எஞ்சியவை தீங்கற்றவை. இவற்றை ஒழுங்குபடுத்துவது பொறுமையைக் கற்பிக்கும் இனிய வேலை. ஞாயிறு பிற்பகலில் தந்தையும் மக்களும் சேர்ந்தமர்ந்து செய்யலாம்.

மிகுதியாக இருப்பவை மின்தடைகள். கடைக்காரர் ‘ரெசிஸ்டர்’ என்பார். அவற்றின்மேல் உள்ள வண்ண வளையங்களே அவற்றின் முகவரி. கருப்பு 0, பழுப்பு 1, சிவப்பு 2, ஆரஞ்சு 3, மஞ்சள் 4, பச்சை 5, நீலம் 6, ஊதா 7, சாம்பல் 8, வெள்ளை 9. நான்கு வளையங்கள் உடையவற்றில் முதலிரண்டும் எண்கள். மூன்றாவது, பின்னால் சேர்க்க வேண்டிய சுழிகளின் எண்ணிக்கை. மஞ்சள், ஊதா, சிவப்பு என வந்தால் 47க்குப் பின் இரு சுழிகள், அதாவது 4,700 ஓம்.

பொதுவாகக் கிடைக்கும் வரிசையில் 10, 12, 15, 18, 22, 27, 33, 39, 47, 56, 68, 82 என்னும் 12 எண்களே பத்தின் மடங்குகளில் திரும்பத் திரும்ப வருகின்றன. 10 ஓம் முதல் 10 இலட்சம் ஓம் வரை எண்ணினால் 61 மதிப்புகள். தொடக்கத்திலேயே 61 அறைகள் தேட முற்பட்டால் எவரும் சோர்ந்துபோவர். அதற்கு ஓர் எளிய வழி உண்டு. முதலில் மூன்றாம் வளையத்தை மட்டும் பாருங்கள். கருப்பு, பழுப்பு, சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை என ஆறு உறைகள் போதும். எத்தனை நூறு மின்தடைகள் இருந்தாலும் ஒரு மணி நேரத்தில் ஆறு குவியல்களாகிவிடும். அதன்பின் எந்த உறை தடிக்கிறதோ அதை மட்டும் மேலும் பிரித்தால் போதும். ஐந்து வளையங்கள் உடையவற்றை இவற்றோடு கலவாமல், நான்காம் வளையத்தைக் கொண்டு தனியே பிரிக்க வேண்டும்.

விளக்கொளியில் பழுப்பும் சிவப்பும் ஆரஞ்சும் ஒன்றுபோல் மயக்கும். பகல் வெளிச்சத்தில் பார்ப்பதே நலம். ஐயம் எழுந்தால் மல்டிமீட்டரால் அளந்து உறுதி செய்யலாம். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாத கண்ணுடைய பிள்ளைகளும் உளர். அத்தகைய பிள்ளையைக் கவனமற்றவன் என்று கடிந்துகொள்ளாமல் அளக்கும் கருவியைக் கையில் கொடுப்பதே அறிவுடைமை.

சிறு வில்லை போன்ற மின்தேக்கிகளில் எண்கள் அச்சிடப்பட்டிருக்கும். 104 என்றால் 10க்குப் பின் நான்கு சுழிகள். 1,00,000 பிக்கோ ஃபாரட், அதாவது 0.1 மைக்ரோ ஃபாரட். உருளை வடிவ மின்பகு மின்தேக்கிகளின் பக்கவாட்டில் உள்ள பட்டை எதிர்முனையைக் காட்டுவது. இவை மட்டும் முதுமையடையும் இயல்பின; பல ஆண்டுகள் பயனின்றிக் கிடந்தால் உள்ளிருக்கும் மெல்லிய படலம் நலிந்து மின்கசிவு மிகும். ஆதலின் உறையின்மேல் வாங்கிய ஆண்டையும் எழுதி, பழையதை முதலில் பயன்படுத்த வேண்டும். வீட்டு அரிசி மூட்டைக்கு நாம் கடைப்பிடிக்கும் விதியே இதுவும்.

மின்னூட்டமும் ஈரமும்

‘ஐ.சி.’ எனப்படும் பலகால் பூச்சி போன்ற உறுப்புகளும் சில வகை டிரான்சிஸ்டர்களும் நிலைமின்சாரத்திற்கு அஞ்சுவன. நம் விரல்நுனியில் ஒரு பொறியை நாம் உணர வேண்டுமானால் ஏறத்தாழ 3,000 வோல்ட் வேண்டும். ஆனால் நுண்ணிய உறுப்புகளில் சில 100 வோல்ட்டிலேயே பழுதாகிவிடும். நாம் உணராமலே அவை கெட்டுவிடுகின்றன. இவை வரும் இளஞ்சிவப்பு அல்லது வெள்ளி நிறப் பைகளைத் தூக்கி எறியாமல் அவற்றிலேயே வைத்திருங்கள். இளஞ்சிவப்புப் பை தன்னில் மின்னூட்டம் தோன்றாமல் தடுக்கிறது. வெள்ளிப் பை வெளியிலிருந்து வருவதையும் மறைக்கிறது. தெர்மாகோலில் குத்தி வைக்கும் வழக்கம் தீது. உராய்வில் மின்னூட்டம் பெறுவதில் அது முதன்மையானது. பை இல்லையெனில் அட்டையின்மேல் அலுமினியத் தாளைச் சுற்றி அதில் கால்களைக் குத்தி வைக்கலாம். மின்கலம் பொருத்திய பலகைகளை மட்டும் அத்தாளின்மேல் வைக்கலாகாது, முனைகள் இணைந்துவிடும்.

நம் கடலோரத்தில் காற்றின் ஈரம் நிலைமின்சாரத்தை ஓரளவு தணிக்கிறது. ஆனால் அவ்வீரமே உப்போடு சேர்ந்து வேறொரு கேட்டைச் செய்கிறது. உறுப்புகளின் உலோகக் கால்கள் கருத்துப்போகின்றன. பின்னர் பற்றாசு ஒட்டுவதில்லை. எனவே இறுக மூடும் பெட்டியே ஏற்றது. புதிய காலணிப் பெட்டிகளில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தை உள்ளே இடலாம். ஈரத்தில் நீலம் இளஞ்சிவப்பாக மாறும் வகையில் கோபால்ட் குளோரைடு என்னும் நச்சு உள்ளது. குழந்தைகள் உள்ள வீட்டில் அவ்வகையைத் தவிர்ப்பது நன்று.

ரப்பர் வளையமிட்டுக் கட்டி வைப்பதும் தவறு. அது வெயிலில் உருகி ஒட்டிக்கொள்ளும். அதிலுள்ள கந்தகம் வெள்ளிப் பூச்சைக் கருக்கச் செய்யும். நூலால் கட்டினால் போதும். தகரக் கூரைக்கு அடியிலுள்ள பரணும் ஏற்ற இடமன்று. அங்குள்ள வெப்பம் மின்தேக்கிகளை உலர்த்தி, மின்கலங்களை நலிவிக்கும்.

பெட்டியும் பெயர்ச்சீட்டும்

இதற்கெல்லாம் பெரும்பொருள் செலவிட வேண்டியதில்லை. அறைகள் பிரித்த ஒளிபுகும் பிளாஸ்டிக் பெட்டிகள் கிடைக்கின்றன. அதுவும் இயலாதவர்க்கு வெற்றுத் தீப்பெட்டிகள் உள்ளன. பன்னிரண்டு தீப்பெட்டிகளை அடுக்கி ஒட்டி, ஒவ்வொன்றின் முகப்பிலும் ஒரு சட்டைப் பொத்தானைக் கைப்பிடியாகத் தைத்தால் அழகிய இழுப்பறைகள் ஆயத்தம். பொத்தானை இறுகத் தைப்பது முக்கியம். கழன்று விழுந்தால் அதுவும் குழந்தையின் வாய்க்கே செல்லும்.

ஒவ்வோர் அறையிலும் பெயர்ச்சீட்டு ஒட்ட வேண்டும். தமிழில் எழுதினால் வீட்டார் அனைவரும் படிப்பர். அறைகளுக்கிடையே உள்ள தடுப்பு மேல்மூடியைத் தொடுகிறதா என்று வாங்கும்போதே பார்த்துக்கொள்ள வேண்டும். இல்லையேல் பெட்டி ஒருமுறை கவிழ்ந்தாலே ஒரு நாள் உழைப்பு வீணாகும். ‘பின்னர் பார்க்கலாம்’ என்று ஓர் அறையை ஒதுக்குவதும் நன்றே. ஆனால் ஒன்றே ஒன்று. இரண்டு ஒதுக்கினால் பழைய பிஸ்கட் டப்பா மறுபிறவி எடுத்துவிடும்.

எண்ண வேண்டியவை இரண்டே

இனி, இக்கட்டுரையின் உயிர்நாடிக்கு வருகிறோம். நூற்றுக்கணக்கான மின்தடைகளை எவரும் எண்ணிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. எண்ண வேண்டியவை பொத்தான் மின்கலமும் சிறு காந்தமுமே. பூட்டிய தட்டின் கதவுக்குள் ஒரு சிறு குறிப்பேட்டைக் கட்டித் தொங்கவிடுங்கள். வாங்கிய நாள், வாங்கிய எண்ணிக்கை, எடுத்தவர் பெயர், எதற்கு எடுத்தது, மீதி எத்தனை. இவ்வளவே. ஒரு வரி எழுத அரை நிமிடம் ஆகாது. அந்த அரை நிமிடம் ஒரு தாயின் மூன்று மணி நேர வேதனையைத் தவிர்க்கும்.

மின்கலங்களை அவை வந்த அட்டையிலிருந்து தேவைப்படும்போதுதான் பிரிக்க வேண்டும். தீர்ந்த மின்கலத்தைக் கருவியிலிருந்து எடுத்தவுடன் இருபுறமும் ஒட்டுநாடா ஒட்டி, இறுக மூடும் புட்டியில் இட்டு அதே தட்டில் பூட்டிவைக்க வேண்டும். பின்னர் அதை வீட்டுக் குப்பையிலோ தீயிலோ போடலாகாது. இந்தியாவில் 2022இல் வெளியான மின்கலக் கழிவு விதிகள், கழிவு மின்கலங்களைத் திரும்பப் பெறும் பொறுப்பை அவற்றை உற்பத்தி செய்வோர்மீது சுமத்தியுள்ளன. மின்னணுக் கழிவுக்குரிய புதிய விதிகள் 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளன. உரிமம் பெற்ற சேகரிப்பாளரிடம் ஒப்படைப்பது நம் கடமை. நாம் வீசி எறிந்த மின்கலம், குப்பை பொறுக்கி வாழும் ஏழையின் குழந்தை கைக்குச் செல்லலாம் என்பதையும் மறத்தலாகாது.

மேலும் ஒன்று. இவ்விதி இளைஞனுக்கு மட்டும் உரியதன்று. வேலை முடிந்ததும் தரையை ஒருமுறை பார்த்து, பெட்டியை மூடுவது அவன் கடமை. கேட்காமல் எடுக்காதிருப்பதும், எடுத்தால் எழுதுவதும் வீட்டார் அனைவரின் கடமை. ஒழுங்கைப் பிள்ளையிடம் மட்டும் எதிர்பார்த்து, தாம் அதற்கு அப்பாற்பட்டவர் என எண்ணும் பெரியவரால் எந்த வீட்டிலும் ஒழுங்கு நிலைபெறாது.

அண்மையில் அதே இல்லத்திற்கு மீண்டும் சென்றிருந்தோம். பிஸ்கட் டப்பா அடுக்களைக்கே திரும்பிவிட்டது. அதில் முறுக்கு இருக்குமோ என்று எண்ணினோம். “இல்ல சாமி, ஈயக் கம்பி கிடந்த டப்பா. விளக்குத்திரிதான் போட்டு வச்சிருக்கேன்” என்றார் தாயார். அவர்தம் அறிவுக் கூர்மையை வியந்தோம். மகனின் அறையில் தீப்பெட்டி இழுப்பறைகள் வரிசையாக நின்றன. அவற்றில் பெயர் எழுதியது அவன் தந்தையின் கையெழுத்து. பூட்டிய அலமாரியைத் திறந்து குறிப்பேட்டைக் காட்டினான் அந்த இளைஞன். முதல் வரியில், அந்த மழைக்கால இரவின் தேதியிட்டு, இவ்வாறு எழுதப்பட்டிருந்தது: ‘ஒன்று. அப்பா. கடைக் கம்ப்யூட்டருக்கு. மீதி நான்கு.’

அதன் கீழே தந்தையார் கையொப்பமும் இட்டிருந்தார்.